ஊவாத் தேயிலைத் தொழிற்சாலைகளும் காற்றின் சமநிலையும்

உடலிலே வளி முதலிய மூன்றும் தத்தம் அளவின் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் விளையும் என்னும் கருத்தோடு திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் தொடங்குகின்றது. மூன்றனுள் வளியே அங்கு முதலில் எண்ணப்படுகின்றது. மனித உடலுக்குக் கூறப்பட்ட அவ்வுண்மை, மனிதர் கூடித் தொழில் செய்யும் கட்டடத்துக்கும் முற்றும் பொருந்துவதாகும். ஒரு தொழிற்சாலையினுள்ளே காற்று ஓரிடத்தில் மிகுதியாகவும் மற்றோரிடத்தில் குறைவாகவும் ஓடுமாயின், குறைந்த இடத்தில் நிற்பவருடைய சுவாசப்பையே அக்குறையின் விலையைச் செலுத்துகின்றது. பதுளையைச் சூழ்ந்த ஊவா மாகாணத் தோட்டங்களில் இவ்வுண்மையைத் தெளிவாக விளக்கும் இடம் தேயிலைத் தொழிற்சாலையின் சலிப்பறையாகும்.

ஊவாத் தேயிலையின் சிறப்பே காற்றினால் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைத்தொடரின் மேற்குச் சரிவிலே மழையைப் பொழிந்துவிட்டு, கிழக்குச் சரிவில் ஈரமிழந்து வரண்ட காற்றாக இறங்குகின்றது. கச்சான் என்று தமிழ் மக்கள் வழங்கும் அக்காற்று யூலை முதல் செப்டெம்பர் வரையுள்ள காலத்தில் பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, நமுனுகுலை ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளில் வீசுகின்றது. அப்பருவத்திற் பறிக்கப்படும் கொழுந்திலிருந்தே உலகச் சந்தையில் ஊவா மணம் என்று பெயர் பெற்ற தேயிலை கிடைக்கின்றது. செடியில் நிற்கும் பொழுது மட்டுமன்றி, பறித்த பின்னரும் கொழுந்து காற்றையே நம்பி நிற்கின்றது. வாட்டுதல், உலர்த்துதல், தூற்றுதல், தூசகற்றல் ஆகிய யாவும் காற்றின் தொழில்களே.

தேயிலைத் தொழிலுக்கும் காற்றியந்திரத்துக்கும் உள்ள உறவு பழமையானது. சாமுவேல் டேவிட்சன் என்பவர் இளமையில் அசாமைச் சார்ந்த கச்சார்ப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிற் பணிபுரிந்தவர். கரியடுப்பின்மேற் கூடைகளை வைத்துத் தேயிலை உலர்த்தும் வழக்கத்தைக் கண்டு, வெப்பக் காற்றால் உலர்த்தும் பொறியை அவர் 1870களில் ஆக்கினார். சகாராப் பாலைவனத்திலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கி வீசும் வெப்பக் காற்றின் பெயரால் அது சிரொக்கோ எனப்பட்டது. 1881இல் அவர் பெல்பாஸ்ற் நகரிலே தமது தொழிற்சாலையை நிறுவினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் வகுத்த, முன்வளைந்த பல சிறகுகளையுடைய மையநீக்க விசிறி, பின்னர்ச் சுரங்கங்களிலும் கப்பல்களிலும் தொழிற்சாலைகளிலும் பரவியது. இன்று எத்தனையோ கட்டடங்களிற் காற்றை இயக்கும் விசிறி வகை தேயிலை உலர்த்தும் முயற்சியின் வழியே பிறந்தது என்பது அறியத்தக்க செய்தியாம்.

காற்றின் ஓட்டத்தில் சமநிலை என்பது யாது என்பதைத் தோட்டத்தவர் நன்கு அறிந்த வாட்டுத் தொட்டியிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். பழைய தொழிற்சாலைகளின் மேன்மாடிகளில், அடுக்கடுக்காகக் கட்டிய சணற்றுணித் தட்டுகளிற் கொழுந்தைப் பரப்பி வாட்டினர். 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் அவ்வாண்டிலேயே அப்புத்தளைக்கு அண்மையில் தம்பேதென்னையில் எழுப்பிய தொழிற்சாலை போன்ற பல மாடிக் கட்டடங்களின் தோற்றத்துக்கு இதுவே காரணம். பின்னர்த் தட்டுகளின் இடத்தை நீண்ட தொட்டிகள் கொண்டன. தொட்டியின் ஒரு முனையிலுள்ள விசிறி கம்பிவலைக்குக் கீழே காற்றைச் செலுத்த, அக்காற்று வலைமேற் பரப்பிய கொழுந்தினூடாக மேலெழுகின்றது. கொழுந்து ஓரிடத்தில் மெல்லிதாகவும் வேறோரிடத்தில் தடித்தும் பரப்பப்பட்டால், காற்று மெல்லிய இடத்தினூடாகவே விரைந்து வெளியேறும். தடித்த இடத்துக் கொழுந்து பச்சையாகவே கிடக்கும். விசிறியின் வேகத்தைக் கூட்டினால் மெல்லிய இடம் கருகுமேயன்றித் தடித்த இடம் செம்மையாக வாடுவதில்லை. கைதேர்ந்த தொழிலாளி விசிறியைத் தொடுவதில்லை. கொழுந்தைச் சமமாகப் பரப்பிவிடுகின்றார். தடை குறைந்த வழியைக் காற்று நாடும் என்னும் விதியும், தடையைச் சமப்படுத்துதலே பரிகாரம் என்னும் முடிவும் அவர் செயலில் அடங்கியிருக்கின்றன. தூசகற்றும் குழாய்த் தொகுதிக்கும் இவ்விதியே அடிப்படையாகும்.

சலிப்பறையில் எழும் தூசி

உலர்த்தும் பொறியிலிருந்து வெளிவரும் தேயிலையில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு ஈரமே எஞ்சியிருக்கும். அவ்வாறு நொறுங்கும் நிலையிலுள்ள இலை சல்லடைகளிலும் காம்பு பிரிக்கும் பொறிகளிலும் தூற்றும் பொறிகளிலும் பலமுறை குலுக்கப்பட்டு, பி. ஓ. பி., பி. ஓ. பி. எவ்., டஸ்ட் முதலிய தரங்களாகப் பிரிக்கப்படுகின்றது. அப்பொழுது இலையின் நுண்டூளும், தளிரின் அடிப்புறத்தைப் போர்த்திருந்த சுணையும் காற்றிலே எழுகின்றன. சுணை பஞ்சுபோல் இலேசானது. உத்தரங்களிலும் சாளரங்களிலும் மட்டுமன்றித் தொழிலாளரின் கூந்தலிலும் ஆடையிலும் அது படிகின்றது. பொறிகளின் அருகே முழுநாளும் நின்று தேயிலையை அள்ளியும் கொட்டியும் தொழில் செய்வோருட் பெண்களே பெரும்பாலர்.

இத்தூசி சுவாச உறுப்புகளுக்குத் தீங்கு செய்வது மருத்துவ ஆய்வால் நிறுவப்பட்டதாகும். இலங்கையின் சுவாசநோய் மருத்துவரான சி. ஜி. உறகொட அவர்கள் 1970இல், தேயிலை தயாரிப்போரிடம் தூசியினால் உண்டாகும் ஆஸ்துமா என்னும் இழுப்பு நோயைப் பற்றிப் பிரித்தானியத் தொழில் மருத்துவ ஏடொன்றில் எழுதினார். இலங்கைத் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்களை ஆராய்ந்து மற்றொரு கட்டுரையை 1980இல் வெளியிட்டார். சட்டமும் இதனைக் கவனியாது விடவில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தீங்கு செய்யும் தூசியைத் தொழிலாளர் சுவாசியாதவாறு தடுப்பதைத் தொழிற்சாலை நடத்துவோரின் கடமையாக்கியது. தூசி அறை முழுவதும் பரந்த பின்னர் அகற்றுவதிலும், அது பிறக்கும் இடத்துக்கு அண்மையிலேயே உறிஞ்சி எடுப்பது சிறந்தது என்பது இத்தகைய சட்டங்களின் அடிப்படைக் கருத்தாகும்.

தொகுதியின் உறுப்புகள்

அவ்வாறு உறிஞ்சும் தொகுதிக்கு நான்கு உறுப்புகள் உண்டு. பொறியின் அருகே தூசியைப் பிடிக்கும் உறிஞ்சுவாய் முதலாவது. அதனைக் கொண்டு செல்லும் கிளைக்குழாய்களும் பெருங்குழாயும் இரண்டாவது. காற்றிலிருந்து தூசியைப் பிரிக்கும் சுழற்பிரிப்பான் அல்லது துணிவடி மூன்றாவது. யாவற்றையும் இழுக்கும் விசிறி நான்காவது.

ஊதுதலும் உறிஞ்சுதலும் ஒரு தன்மையன அல்ல என்பதை முதலில் அறிதல் வேண்டும். வாயால் ஊதி ஒரு முழத் தொலைவிலுள்ள விளக்கை அணைக்கலாம். உறிஞ்சி அணைத்தல் இயலாது. ஊதிய காற்று ஒரு திசை நோக்கிச் செல்ல, உறிஞ்சப்படும் காற்றோ எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து சேர்கின்றது. ஒரு குழாய்வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவு தூரம் விலகினால், அங்கு காற்றின் வேகம் வாயிலுள்ள வேகத்தின் பத்திலொரு பங்கிலும் குறைந்துவிடும். ஆகவே உறிஞ்சுவாய் பொறியை ஒட்டியே இருத்தல் வேண்டும். அரையடி விலகிய வாய், எத்துணைப் பெரிய விசிறியோடு இணைந்திருப்பினும் பயன் தருவதில்லை.

குழாயினுள்ளும் காற்றுக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். பஞ்சு போன்ற இலேசான தூசியைக் கீழே படியாது கொண்டு செல்வதற்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 13 முதல் 15 மீற்றர் வரையான வேகம் தேவை என்பது காற்றோட்டப் பொறியியலாளர் கைக்கொள்ளும் அளவாகும். வேகம் அதனிற் குறைந்தால், குழாயே தூசி சேரும் களஞ்சியமாகிவிடும்.

சமநிலையின் விதி

இரு கிளைகள் ஒரு சந்தியிற் கூடினால், அச்சந்தியிலுள்ள அமுக்கம் இரண்டுக்கும் பொதுவானது. கிளை ஒவ்வொன்றும் தனது தடை அவ்வமுக்கத்துக்கு ஈடாகும் வரை காற்றை ஏற்கும். குழாயிலே தடையினால் ஏற்படும் அமுக்க இழப்பு காற்றோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகின்றது. ஓட்டம் இருமடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். இவ்விரு விதிகளிலிருந்து மற்றவை யாவும் பெறப்படும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு சலிப்பறையில் ஒத்த இரு சல்லடைகள் உள்ளன என்றும், இரண்டுக்கும் சம அளவு காற்று வேண்டும் என்றும் கொள்க. விசிறிக்கு அண்மையிலுள்ளதன் கிளை குறுகியது; வேண்டிய காற்றைச் செலுத்த 30 மில்லிமீற்றர் நீர்நிரல் அமுக்கம் அதற்குப் போதும். அறையின் கோடியிலுள்ளதன் கிளை நீண்டது, வளைவுகள் மிகுந்தது. அதே காற்றுக்கு 60 மில்லிமீற்றர் வேண்டும். இரண்டையும் ஒரே சந்தியில் இணைத்து மொத்தத் தேவைக்கு ஏற்ற விசிறியைப் பூட்டினால், காற்று சரிபாதியாகப் பிரியாது. மொத்த ஓட்டம் மாறாதெனக் கொண்டால், அண்மையிலுள்ளது தன் தேவையிலும் நூற்றுக்கு 17 பங்கு கூடுதலாகப் பெறும். தொலைவிலுள்ளது நூற்றுக்கு 17 பங்கு குறைவாகப் பெறும்.

அக்குறைவு அவ்வளவில் நிற்பதில்லை என்பதே கவனிக்கத்தக்கது. தொலைக் கிளையிற் செக்கனுக்கு 15 மீற்றராக இருக்கவேண்டிய வேகம் பன்னிரண்டரை மீற்றருக்கும் கீழே இறங்குகின்றது. சுணை குழாயினடியிற் படியத் தொடங்குகின்றது. படிந்த சுணை வழியை ஒடுக்கித் தடையைக் கூட்டுகின்றது. தடை கூட ஓட்டம் மேலும் குறைகின்றது. ஓட்டம் குறையப் படிவு மேலும் வளர்கின்றது. சில மாதங்களிற் கோடியிலுள்ள உறிஞ்சுவாய் பெயரளவில் மட்டுமே நிற்கும். விசிறி வழமைபோல் இரைந்துகொண்டிருப்பதால், தூசகற்றும் தொகுதி தொழிற்படுகின்றது என்றே வாயிலில் நின்று பார்ப்பவர் எண்ணுவர். கோடியிலே நிற்பவருக்குத்தான் உண்மை தெரியும்.

இந்நிலையிற் பலருக்கும் தோன்றும் பரிகாரம் விசிறியைப் பெரிதாக்குதலாகும். தொலைக் கிளைக்கு வேண்டிய காற்றை அவ்வழியாற் பெறுவதாயின், மொத்த ஓட்டத்தை நூற்றுக்கு 21 பங்கு கூட்டவேண்டும். விசிறிக்கு வேண்டிய வலுவோ ஓட்டத்தின் கனத்துக்கு ஏற்ப உயர்வதாகும். ஆகவே மின்வலு நூற்றுக்கு 76 பங்கு கூடுதலாகச் செலவாகும். அவ்வாறு செலவிட்ட பின்னரும், அண்மையிலுள்ள உறிஞ்சுவாய் தன் தேவையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு காற்றை இழுத்து, தூசியோடு விலைபோகும் நற்றூளையும் கொண்டு சென்றுவிடும். பணமும் போய்ப் பண்டமும் போகும் வழி இதுவாம்.

சமப்படுத்தும் இரு முறைகள்

சமநிலையை ஏற்படுத்தும் முறைகள் இரண்டு. அமைக்கும்பொழுதே குழாயின் அளவுகளாற் சமப்படுத்துதல் ஒன்று. அமைத்த பின் கிளைகளிற் பூட்டிய தடுப்புத் தகடுகளாற் சமப்படுத்துதல் மற்றொன்று.

முதன்முறையில், விசிறிக்கு மிகத் தொலைவிலுள்ள கிளையிலிருந்து கணக்குத் தொடங்கும். ஒவ்வொரு சந்தியிலும் கூடும் கிளைகளின் அமுக்க இழப்புகள் ஒப்பிடப்படும். பெரிய இழப்புக்கும் சிறிய இழப்புக்கும் உள்ள விகிதம் 1.05இலும் குறைவாயின் வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. விகிதம் 1.2 வரை இருப்பின், தடை குறைந்த கிளை சற்றுக் கூடுதலாக இழுக்கும் காற்றைக் கணக்கிற் சேர்த்துக்கொண்டு மேற்செல்வர். அம்மிகை நூற்றுக்குப் பத்தைத் தாண்டுவதில்லை. அதற்கும் மேற்பட்டால் ஒரு கிளையின் விட்டத்தை மாற்றவேண்டும். மேற்காட்டிய எடுத்துக்காட்டில் விகிதம் 2 ஆகும். குழாயின் உராய்வு இழப்பு விட்டம் சிறுக்க மிக விரைந்து உயர்வதனால், அண்மைக் கிளையின் விட்டத்தை ஏறத்தாழ ஏழிலொரு பங்கு குறைத்தாலே இரு கிளைகளும் ஒத்துவிடும். புதிய விசிறியும் வேண்டா, மிகையான மின்சாரமும் வேண்டா. சற்று ஒடுங்கிய தகரக் குழாயொன்று போதும்.

இரண்டாம் முறையில், அண்மைக் கிளையிலுள்ள தகட்டை ஓரளவு மூடி அதன் தடையைக் கூட்டுவர். பொறிகளின் இடம் மாறும் தொழிற்சாலைகளுக்கு இது வசதியானது. எனினும் குறைகளும் இதனிடத்து உண்டு. தகட்டின் விளிம்பிலே சுணை தொங்கி அடைத்துக்கொள்ளும். அதனினும் பெரிய குறை, எவரும் எப்பொழுதும் அதனை நகர்த்தக் கூடுமென்பதே. ஒரு பொறியருகே தூசி மிகுந்தால், அங்குள்ளவர் தமது தகட்டை முழுவதும் திறந்துவிடுவர். அக்கணமே ஏனைய வாய்கள் யாவற்றிலும் இழுவை குறையும். அவ்வாறே, உறிஞ்சுவாய் நற்றூளை இழுக்கின்றதென்று கண்ட மேற்பார்வையாளர் ஒருவர் அதனை மூடிவிடுதலும் இயல்பே. இருவரும் தீய எண்ணத்தாற் செய்வதில்லை. ஒரு கிளையில் நிகழும் மாற்றம் எல்லாக் கிளைகளையும் தாக்கும் என்பது கண்ணுக்குப் புலப்படாமையே காரணம். ஆகையால், தகடுகளை அளந்து சரிசெய்தபின் அவற்றின் நிலையைக் குறித்துத் திருகாணியால் இறுக்கிவிடுதல் வேண்டும்.

தொழில் குறைந்த நாட்களில் ஓடாத பொறிகளின் கிளைகளை அடைத்துவிட்டாற் செலவு மிஞ்சும் என்று எண்ணுவதுண்டு. பல கிளைகள் ஒருங்கே மூடப்பட்டாற் பெருங்குழாயின் வேகம் தாழ்ந்து, சுணை அங்கே படியும். தனித்தனியே ஓடும் பொறித்தொகுதிகளுக்குத் தனித்தனி விசிறிகளை அமைத்தலே அதற்குத் தக்க வழியாம்.

மலைநாட்டுக்குரிய சில கவனங்கள்

ஊவாவின் உயரம் கணக்கிலே தனிக் கவனத்தை வேண்டுகின்றது. பதுளை நகர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றரிலும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலும் உள்ளன. அப்புத்தளை உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்ததிலும் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு குறைவு. ஒரே வேகத்திற் சுழலும் விசிறி அங்கும் அதே கனவளவு காற்றையே இயக்கும். ஆயினும் அது உண்டாக்கும் அமுக்கமும், குழாயில் ஏற்படும் இழப்பும் ஒருங்கே அதே பங்கு குறையும். இதனை அறியாது கடல்மட்டத்துக்குரிய அட்டவணையோடு அளவைக் கருவியை ஒப்பிடுபவர், நன்றாக ஓடும் விசிறியையும் பழுதென்று கருத நேரும்.

வெளியேற்றிய காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வரவேண்டும் என்பது மற்றொரு கவனம். குளிர்காலத்திற் கதவு சாளரங்களை அடைத்துவிட்டால், உறிஞ்சும் விசிறி அறையினுள் அமுக்கத்தைத் தாழ்த்திவிடும். ஒரே கட்டடத்தில் உலர்த்தும் பொறியின் விசிறியும் காற்றை வேண்டி நிற்பதால், இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடும். தூசியற்ற காற்று நுழைவதற்கெனத் தனி வாயில்கள் அமைத்தல் அவசியம். கச்சான் வீசும் பருவத்திலே, வெளியேற்றும் குழாயின் முனை காற்றை எதிர்நோக்கியிருந்தால் ஓட்டம் தடைப்படும். கட்டடத்தின் காற்றுவரும் பக்கத்தில் முனை இருந்தாலோ, வெளிவிட்ட தூசியே மீண்டும் வாட்டும் மாடியினுட் புகும். எனவே அம்முனை கூரைக்கு மேலே உயர்ந்து நிற்றல் வேண்டும்.

எளிய அளவைகள்

இவற்றை அறிந்துகொள்ள விலையுயர்ந்த கருவிகள் பல வேண்டியதில்லை. நிறமூட்டிய நீரைக் கொண்ட வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றே பெரிதும் போதும். பௌதிகவியல் ஆய்வுகூடத்திலே மாணவர் கையாளும் அழுத்தமானியும் இதுவே. தொகுதி சரியாக அமைந்த நாளில் ஒவ்வோர் உறிஞ்சுவாயின் பின்னும் குழாயிற் சிறு துளையிட்டு அமுக்கத்தை அளந்து, அவ்வெண்ணைக் குழாயின் மீதே எழுதிவைத்தல் நன்று. பின்னொரு நாளில் 30 மில்லிமீற்றராக இருந்தது 15 ஆகக் குறைந்திருந்தால், காற்றோட்டம் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு குறைந்துவிட்டதென்றும், அளந்த இடத்துக்கு அப்பால் விசிறிப் பக்கத்தில் அடைப்பு உண்டென்றும் துணியலாம். எண் வழமையிலும் கூடியிருந்தால் அதனை நன்மையென்று கொள்ளலாகாது. உறிஞ்சுவாயே அடைபட்டிருத்தலின் அறிகுறி அது.

அதனினும் எளிய சோதனை ஊதுபத்தியாற் செய்வது. பொறி நின்று, தேயிலை அகற்றப்பட்டு, இடம் துப்புரவு செய்யப்பட்ட பின்னர், விசிறியை மட்டும் ஓடவிட்டு, எரியும் ஊதுபத்தியை உறிஞ்சுவாயின் முன் பிடித்தால், புகை செல்லும் வழியே காற்றின் வழியைக் காட்டும். அண்மையிலுள்ள வாயில் அது நேராகப் பாய்ந்து மறைவதும், கோடியிலுள்ள வாயின் முன் தயங்கி அலைந்து அறையிற் பரவுவதும் கண்கூடாகத் தெரிந்தால், சமநிலை கெட்டுள்ளமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

விசிறியின் பருமன் தூசகற்றும் தொகுதிக்கு அளவுகோல் ஆகாது. அதன் மிகத் தொலைவிலுள்ள வாயிற் காற்று எவ்வளவு செல்கின்றது என்பதே அளவுகோல். மொத்தக் காற்று போதுமென்று ஏட்டிலே கணக்குக் காட்டுதல் எளிது. சராசரியில் மறைந்துபோகும் கடைக் கிளையைத் தேடிச் சென்று அளத்தலே அரிது. ஊவாத் தொழிற்சாலைகளைப் பரிபாலிப்போரும், பொறியியல் கற்று அத்துறைக்குச் செல்லும் மாணவரும் அளவைக் கருவியை முதலில் வைக்கவேண்டிய இடம் அக்கடைசி உறிஞ்சுவாயே. தேயிலையைத் தரம் பிரித்து அனுப்பும் பெண் தனது முழுநாட் சுவாசத்தையும் அங்கிருந்துதான் பெறுகின்றாள்.